சோதனை வயல்

நெய்தலும் மருதமும் தம்முள் கலந்து நிற்கும் ஊர்கள் தமிழ்நாட்டின் கீழைக் கரையிற் பல உள. புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசல் அவற்றுள் ஒன்று. ஊரின் ஒரு புறம் பாக்கு நீரிணையின் கடல். மறுபுறம் கண்மாய் நீரையும் வானத்தையும் நம்பிக் கிடக்கும் நெல்வயல். கடலை நம்பியோர் காற்றை நோக்குவர். வயலை நம்பியோர் முகிலை நோக்குவர்.

இப்பகுதி உழவர் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்நோக்கிப் பயிர் செய்பவர். நாற்று விட்டு நடுதற்குரிய நீர் முன்கூட்டியே கிடைத்தல் அரிதாகலின், மழைக்கு முன்னரே நிலத்தைப் புழுதிபட உழுது, உலர்ந்த மண்ணிலே விதைத்து விடுவர். இதற்குப் புழுதி விதைப்பு என்பது பெயர். மழை உரிய காலத்தில் வரின் விதை முளைக்கும். முளைத்தபின் வானம் பொய்ப்பின் இளம்பயிர் கருகும். கதிர் முற்றுமுன் கண்மாய் வற்றினால் நெல் பதராகும். ஆண்டுக்கு ஒரு போகமே விளையும் நிலத்தில் ஒரு பருவத்து இழப்பு ஓராண்டு உணவின் இழப்பாகும்.

இத்தகைய உழவனிடம் சென்று, ‘இப்புதிய விதையை விதைத்துப் பார்’ என்று கூறுதல் எளிது. அவன் தயங்கினால், ‘பழமையில் ஊறியவன்’ என்று பழித்தலும் எளிது. ஆயினும் அத்தயக்கம் அறியாமை அன்று. புதியது பொய்த்தால் கூறியவருக்கு ஒரு சொல்லே போகும். உழவனுக்கோ குதிரும் வெறுமையாகும், கடனும் பெருகும். ஆதலின் அவன் கேட்பது சொல் அன்று; சான்று. அச்சான்றினைத் தருவதே சோதனை வயல்.

சோதனை வயலின் இயல்பு யாது? அண்டை ஊரில் ஒருவர் புதிய விதையிட்டார். விளைவு மிகுந்தது எனக் கொள்வோம். மிகுதிக்குக் காரணம் விதையா, அவ்வாண்டு மழையா, முன்னர் இட்ட எருவா என்பதை எவ்வாறு அறிவது? புதிய விதையையும் பழைய விதையையும் ஒரே மண்ணில், ஒரே நாளில், ஒரே எருவிட்டு, அருகருகே விதைத்தாலன்றி அறிதல் இயலாது. புதியதற்கு ஒரு பாத்தி வேண்டுவது போலவே பழையதற்கும் ஒரு பாத்தி வேண்டும். பின்னது இல்லாத சோதனை, ஒற்றைத் தட்டுடைய தராசு போன்றதாம்.

இங்கிலாந்து நாட்டில் ரோதம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1843 ஆம் ஆண்டில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் கோதுமை வயல் ஒன்றில் வெவ்வேறு உரமிட்ட நிலத்துண்டுகளை அமைத்தனர். அவற்றுள் ஒன்றற்கு உரமே இடப்படவில்லை. அவ்வயலின் சோதனை இன்றும் நடைபெறுகின்றது. உரமிடாத துண்டு இருப்பதனாலேயே, உரமிட்டவற்றின் பயன் எத்துணை என்பது புலனாகின்றது.

எனினும் ஒரு பாத்தி மேடாகவும் மற்றொன்று பள்ளமாகவும் இருத்தல் கூடும். ஓரிடத்தில் உவர் மிகுந்திருத்தலும் கூடும். புதிய விதையை விரும்புவோர் தம்மை அறியாமலே நல்ல இடத்தை அதற்கு ஒதுக்குதலும் உண்டு. இக்குறைகள் நீங்க, 1919 ஆம் ஆண்டில் ரோதம்ஸ்டெட்டிற்கு வந்த பிஷர் என்னும் அறிஞர் வழி வகுத்தார். ஒவ்வொரு வகையையும் பல பாத்திகளில் விதைக்க வேண்டும். எப்பாத்தி எதற்கு என்பதைத் திருவுளச் சீட்டுப் போலத் தற்செயலால் முடிவு செய்ய வேண்டும் என்றார். விருப்பு வெறுப்பு நுழையாதிருக்கச் சீட்டெடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலை முறை அதுவே அன்றோ?

அளந்து அறியும் நோக்கமும் தமிழர்க்குப் பழைமையானதே. வள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் புழுதியை உணக்குதலின் பயனைக் கூறுமிடத்து, ‘நன்றாக உலர்த்துக’ என்று பொதுப்படச் சொல்லி அமையவில்லை. ஒரு பல அளவுடைய புழுதி கால் பலமாகும் வரை உலர்தல் வேண்டும் என்று அளவு காட்டுகின்றார். அளவு காட்டும் சொல்லை எவரும் தம் வயலிற் சோதித்துப் பார்க்கலாம்; அளவற்ற சொல்லைச் சோதித்தல் இயலாது.

ஒருமுறை கண்ட உண்மை எக்காலத்தும் போதுமா என்பதற்குக் கனடா நாட்டு மேற்குப் புல்வெளி நிலங்களின் வரலாறு விடை தரும். அங்கு இந்தியன் ஹெட் என்னும் ஊரை அடுத்துப் பயிரிட்டு வந்தவர் ஆங்கஸ் மக்கே. 1885 ஆம் ஆண்டு எழுந்த கலகத்தால் உழவுக் குதிரைகள் படைப்பணிக்குச் சென்றன. நிலம் விதைக்கப்படாமல் கிடந்தது. மறு ஆண்டு வறட்சி வந்தபோது, அவ்வாறு ஓய்ந்து கிடந்து ஈரம் சேர்த்த நிலமே நல்விளைவு தந்தது. பின்னர் அவ்வூரில் அரசு அமைத்த சோதனைப் பண்ணைக்கு அவரே தலைவரானார். ஓராண்டு விதையாது உழுது போடும் முறை எங்கும் பரவிற்று. ஆனால் 1930 ஆம் ஆண்டிற்குப் பின் நேர்ந்த நெடிய வறட்சியில், உழுது கிடந்த மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போயிற்று. மீண்டும் சோதனைகள் நடந்தன. அறுத்த பயிரின் தாளை நிலத்திலேயே விட்டு, உழாமல் விதைக்கும் முறை மெல்ல மெல்ல அங்கே வேரூன்றிற்று. முதற் சோதனை பொய்யன்று. அதனை முடிந்த முடிபாகக் கொண்டதே பிழை.

தமிழ்நாட்டிலும் இப்பணி நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. கோவிற்பட்டியில் 1901 இலும், கோயம்புத்தூரில் நெல்லுக்கென 1912 இலும், ஆடுதுறையில் 1922 இலும் ஆராய்ச்சி நிலையங்கள் தோன்றின. மீமிசலுக்குத் தெற்கே, அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தைச் சேர்ந்த பரமக்குடி நிலையம், 2009 ஆம் ஆண்டில் அண்ணா 4 என்னும் நெல்லை வெளியிட்டது. நூறு முதல் நூற்றைந்து நாளில் விளையும் அந்நெல் வறட்சியைத் தாங்கும் இயல்பினது. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் பயறு வகைகளுக்கெனத் தேசிய ஆராய்ச்சி மையம் உளது. உளுந்தை வாட்டும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வகைகளை அது தந்துள்ளது.

‘நிலையங்களில் ஆராய்ந்து முடிந்தபின் உழவர் வயலில் மீண்டும் சோதிப்பது எதற்கு?’ என்று வினவுவோர் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. வம்பன் மண் வேறு. கடலோரத்து மண் வேறு. உப்புக் காற்றும், உவர் ஏறிய நிலத்தடி நீரும், காலம் தவறும் மழையும் நிலையத்துப் பாத்தியில் அவ்வாறே அமைவன அல்ல. புதிய வகைகளை வெளியிடுமுன் உழவர் வயல்களிலும் சோதிக்கும் வழக்கம் இன்று உண்டு. 1974 இல் புதுச்சேரியில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்களும் உழவர் வயலில் ஆய்வு நிகழ்த்துதலைத் தம் கடமையாகக் கொண்டுள்ளன. அப்பணி மாவட்டத்தின் நடுவில் நின்றுவிடாமல் மீமிசல் போன்ற கடையூர்களையும் எட்டுதல் வேண்டும்.

அதற்கு இரு திறத்தார்க்கும் கடமை உண்டு. சோதனைக்கு நிலம் தரும் உழவன் தன் முழு வயலையும் பணயமாக வைத்தல் ஆகாது. ஐந்து சென்ட் நிலமே போதும். அதில் ஒரு பாதி புதியது, ஒரு பாதி பழையது. ஊரில் பத்து உழவர் இவ்வாறு செய்து, சீட்டெடுத்துப் பாதிகளைப் பிரித்து, மூன்று பருவம் விளைவை நிறுத்து எழுதினால், அவ்வூர் மண்ணே விடை கூறும். சோதனையால் இழப்பு நேரின் அதனை ஆராய்ச்சி செய்வோரே ஏற்றல் நீதி. பயன் நாட்டுக்கு உரியதாயிருக்க, இழப்பு மட்டும் ஏழை உழவனுக்கு உரியதாதல் முறையன்று. உழவனும், ‘முன்னோர் செய்தது’ என்னும் ஒன்றையே காரணமாகக் கொண்டு பாத்தியை மறுத்தல் தகாது. புழுதியில் விதைக்கலாம் என்று முதலில் துணிந்து பார்த்தவரும் ஒரு காலத்தில் புதியவரே.

கற்றோர் ஏட்டில் அறிந்ததும், உழவர் ஏர்ப்பின் நடந்து அறிந்ததும் ஒரே வரப்பின் இரு புறத்தும் விளைந்து நிற்கட்டும். எது சிறந்தது என்பதை அறுவடை நாளில் மரக்கால் சொல்லும்.