கைடு போதுமா?

கல்லூரி வாசலை மிதிக்காத ரயில்வே குமாஸ்தாவுக்கு இலக்கியப் பாடத்திட்டத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். வயிற்றைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறவர்கள் நாம். கட்டிய பணத்துக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று நாமும் கேட்போம்.

தாராவியில் எங்கள் சந்துப் பெண் ஒருத்தி எஃப்.ஒய்.பி.ஏ. சேர்ந்தாள். மூன்று மாதம் கழித்து, "இலக்கியம் எப்படிம்மா இருக்கு?" என்றேன். "இதுதான் மாமா" என்று கைடை நீட்டினாள். மூலப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லையாம். பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள். ஆளுக்கு ஒரு துண்டு. பிறந்த வருடம், இறந்த வருடம், நடைச் சிறப்பு என்று மனப்பாடம். "எனக்கு மூளை போதாது போல" என்றாள். அந்தச் சொல்தான் என்னை எழுத வைத்தது.

வகுப்பெடுப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வண்டி தாமதமானால் கவுன்ட்டரில் இருப்பவனைத் திட்டுகிற கதையாகிவிடும். பலர் மணிக்கணக்குக் கூலிக்கு வரும் தற்காலிக ஆசிரியர்கள். நம் கான்ட்ராக்ட் தோழர்களுக்கு உடன்பிறப்புகள். கோளாறு திட்டத்தில் இருக்கிறது.

ஒரு பருவத்துக்கு நாலு புத்தகம் போதும். முழுதாக, வகுப்பிலேயே உரக்க வாசிக்க வேண்டும். முதல் புத்தகம் பிள்ளைக்குத் தெரிந்த மண்ணிலிருந்து வரட்டும். மும்பையில் அதற்கா பஞ்சம்? தெருவில் கைவிடப்பட்ட குழந்தை நாராயண் சுர்வே. எடுத்து வளர்த்தவர் ஆலைத் தொழிலாளி. பள்ளியில் பியூனாக வேலை பார்த்து, பின்னர் அவரே ஆசிரியரானார். 1966இல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயர் 'மாஜே வித்யாபீட்', அதாவது என் பல்கலைக்கழகம். தெருவும் ஆலையும்தான் அந்தப் பல்கலைக்கழகம். அடுத்து பாமாவின் 'கருக்கு' (1992) வரட்டும். ஷேக்ஸ்பியர் வேண்டாமென்று யார் சொன்னது? மூன்றாவதாக வரட்டும். அதற்குள் பிள்ளைக்குப் பயம் தெளிந்திருக்கும்.

பாடத்திட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. பாடத்திட்டக் குழு என்று பத்துப் பேர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள். வெளியிலிருந்து கை நீட்டினால் அது மாறவும் செய்கிறது. ஒரு கட்சியின் மாணவர் அணி எதிர்த்ததும், 2010இல் மும்பைப் பல்கலைக்கழகம் ரோஹின்டன் மிஸ்திரியின் நாவலை எடுத்துவிட்டது. 2021இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆனர்ஸ் பாடத்திலிருந்து மகாஸ்வேதா தேவியையும் நம் பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கினார்கள். கல்விக் குழுவிலேயே சிலர் மறுப்பு எழுதிக் கொடுத்தும் பயனில்லை. எடுக்கச் சொல்ல ஆள் இருக்கிறது. சேர்க்கச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எஃப்.ஒய். படிக்கும் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். பாடத்திட்டத் தாளும் கையில் இருக்கட்டும். அங்கேயே மனு எழுதிவிடலாம்.