காத்துலயும் ஊரு, சேரியா?

எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ஊர்த்தெருவில் ஒரு சின்ன அறையில் இருந்தது. சாயங்காலமானால் குழாய் ஸ்பீக்கரில் செய்தி வரும். சேரியிலிருந்து போகிறவர்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றுதான் கேட்கணும். சத்தம் ரோட்டைத் தாண்டி வரலாம், நாங்க தாண்டக் கூடாது. கேட்கிறதுக்கே இந்த லட்சணம். பேசுறதுக்கு?

அதற்கான பூட்டை வெள்ளைக்காரன் 1885-லேயே தந்திச் சட்டம் என்று போட்டுவிட்டான். 1933-இல் கம்பியில்லாத் தந்திக்குத் தனிச் சட்டம். வெள்ளைக்காரன் போனான், பூட்டு போகவில்லை.

பீகார், வைசாலி மாவட்டம், மன்சூர்பூர். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு இளைஞர் 2003 வாக்கில், சுமார் 50 ரூபாய் செலவில் சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைத் தானே கட்டினார். மூங்கில் கம்பில் ஏரியல். சினிமாப் பாட்டு போட்டார், பிள்ளை காணாமல் போனால் அறிவித்தார், எய்ட்ஸ் பற்றிப் பேசினார். சுற்று வட்டாரமே கேட்டது. லைசென்ஸ் இல்லை என்று 2006-இல் மூடிவிட்டார்கள். 50 ரூபாய் டிரான்ஸ்மிட்டரைப் பார்த்து இம்மாம் பெரிய அரசாங்கத்துக்கு என்ன பயம்?

அதற்குப் பதினோரு வருஷம் முன்னால், 1995 பிப்ரவரியில், அலைவரிசை பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பொதுச்சொத்து! பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச்சுடுகாடு எல்லாம் யாருக்குப் பொது என்று நமக்கா தெரியாது? முதலில் ஏலம் விட்டார்கள், பணக்காரன் எடுத்தான். 2002 டிசம்பரில் கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள். கல்லூரி யார் கையில் இருக்கிறது என்று தனியாகச் சொல்லணுமா? 2006 நவம்பரில்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் என்றார்கள். அதுவும் பதிவு செய்து மூன்று வருஷம் ஆகியிருக்கணும். தனி ஆளுக்குக் கிடையாது.

இப்போது தெலங்கானாவில் இருக்கிற பஸ்தாபூரில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் 1998-லேயே ஸ்டுடியோவைத் தயாராக வைத்திருந்தார்கள். லைசென்ஸ் இல்லை. பதிவு செய்த கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். விதை, தானியம், வைத்தியம், பாட்டு எல்லாம் அவர்கள் குரலிலேயே. சங்கம் ரேடியோ காற்றில் ஏறியது 2008 அக்டோபர் 15-இல். பத்து வருஷம் காத்திருந்தார்கள்! அந்தத் தாய்மார்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் அரசாங்கம் என்னமோ பிச்சை போட்ட மாதிரிப் பேசுகிறவர்களை அல்ல.

சமுதாய வானொலி என்று கொடுத்ததும் எப்படிப்பட்டது? 100 வாட், மிஞ்சிப் போனால் பத்து கிலோமீட்டர். போகட்டும், நமக்குப் பத்து கிலோமீட்டர் போதும். ஆனால் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது என்கிறான் பாருங்கள், அதுதான் விஷம். அகில இந்திய வானொலிச் செய்தியை வேண்டுமானால் அப்படியே போட்டுக்கொள்ளலாம். தினை விதைக்கிற பக்குவம் சொல்லலாம், அந்தத் தினைக்குக் கூலி கேட்டு உதைபட்டவன் பேரைச் சொல்ல முடியாது. சேரியில் குடிசை எரிந்தால் டில்லி செய்தியில் வருகிறவரைக்கும் காத்திருக்கணும். வருமா?

ஹாம் ரேடியோவுக்குப் போகலாமே என்றார் ஒரு நண்பர். பரீட்சை எழுதினால் லைசென்ஸ் கிடைக்கும், ஆளோடு ஆள் பேசலாம். 1978-இல் போட்ட விதிகளை எடுத்துப் பாருங்கள். செய்தி கூடாது, அரசியல் தகராறு, தொழில் தகராறு கூடாது. வானிலை பேசலாம்!

இப்பதான் செல்போன் இருக்கே என்று நம்ம பிள்ளைகளே கேட்கிறார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுநாளே மூன்று மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தினார்களே, மறந்துபோச்சா? எவனோ ஒருத்தன் சுவிட்சில் கை வைத்தால் நம்ம வாய் மூடிக்கொள்ளும்.

2023-இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் சேவை நடத்தினால் மூன்று வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு கோடி வரை அபராதம், ரெண்டும்கூட உண்டு. 50 ரூபாய்க் கருவியோடு நிற்கிறவனை மிரட்ட இதைவிட என்ன வேணும்? நம்ம இயக்கங்கள் இடஒதுக்கீட்டுக்கும் பஞ்சமி நிலத்துக்கும் தெருவுக்கு வந்த மாதிரி அலைவரிசைக்கு ஏன் இன்னும் வரவில்லை? செய்தி சொல்லத் தடை போடுகிற அந்த விதியை எடு என்று ஒரு தீர்மானமாவது போடுங்கள். அடுத்த மாநாட்டில் நானே முன்மொழிகிறேன்.