பெட்டிச் சாவி யாரிடம்?

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய பலரிடம் ஒரு தகரப்பெட்டி இருந்தது. இங்கே தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்ட வீடுகளில் அப்படியொரு பெட்டிதான் மகளின் கல்யாணப் பெட்டி. அந்துருண்டை வாசத்தோடு பட்டுச்சேலை, குத்துவிளக்கு, சீட்டுப் பணத்தில் வாங்கிய சங்கிலி.

செட்டிநாட்டில் பெண் பிறந்ததுமே பாத்திரம் சேர்க்கத் தொடங்குவார்கள். கொடுத்த சாமான்களுக்குப் பட்டியலும் எழுதுவார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பட்டியல்தான். எது அவளுடையது என்று பிறகு யாரும் மழுப்ப முடியாது.

இப்போது பெட்டி போய் லாக்கர் வந்துவிட்டது. சாவி மட்டும் சில வீடுகளில் மாமியாரிடம்! பாதுகாப்புக்காம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டு மணமான பெண்கள் சட்டப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் அவள் சொத்து அவளுக்கே. அம்மாமார்களே, நகைக்கடை ரசீதை மகள் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள். அது அவள் கையிலேயே இருக்கட்டும்.