மூன்று மாதச் சான்றிதழ் போதும்! கண்டி டிப்ளோமாவில் நம் பிள்ளைகளுக்கு இடம் எங்கே?



ஹுன்னஸ்கிரிய வட்டாரத் தோட்டங்களில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு லயத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் "கணினிப் பயிற்சி" என்ற பெயரில் என்ன கிடைக்கிறது? மூன்று மாத வகுப்பு. டைப் அடிக்கவும் கடிதம் அச்செடுக்கவும் கொஞ்சம் பழக்கம். கடைசியில் ஒரு மேடை, ஒரு மாலை, ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. அதைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை கொழும்பில் புடைவைக் கடைக்கு பஸ் ஏறுகிறது. போட்டோவில் சிரித்தவர்கள் யாரும் அதன் பிறகு அந்தப் பிள்ளையைத் தேடுவதில்லை.

இந்தச் சடங்கை நிறுத்துங்கள் என்கிறோம். ஏனென்றால் அசல் படிப்பு கண்டியிலேயே இருக்கிறது.

1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரச உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கிளை அங்கே இயங்குகிறது. தகவல் தொழில்நுட்பத்தில் உயர் தேசிய டிப்ளோமா அங்கே படிக்கலாம். கணினிக்கு நிரல் எழுதுவது, தரவுத்தளம் அமைப்பது, வலையமைப்பை நடத்துவது எல்லாம் அதில் அடக்கம். முழுநேர மாணவரிடம் படிப்புக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. தொழிலாளியின் பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் படித்து ஒரு பட்டம் வாங்கலாம். விரும்பினால் அதைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் தொடரலாம். நம் நாட்டில் அதற்கு மிகக் கிட்டிய வழி இந்த டிப்ளோமாதான்.

வழி இருந்தும் நம் பிள்ளைகள் அதில் போகாததற்கு மூன்று வேலிகள் காரணம்.

முதல் வேலி செய்தி. விண்ணப்பம் எப்போது கோருகிறார்கள் என்பது லயத்துக்கு வந்து சேர்வதில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. ஆனாலும் விண்ணப்பத்தை வாசித்து விளக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வேலி பணம். படிப்பு இலவசம், பஸ்ஸும் போர்டிங்கும் சோறும் இலவசமில்லை. 2024 செப்டம்பர் வர்த்தமானிப்படி நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 108 ரூபா போக மிச்சம் 1,242 ஆக இருந்தது. மாதம் இருபது பேர் விழுந்தாலும் அப்போது 24,840 ரூபாதான் வந்தது. அரிசி, மருந்து, மின்சாரம், கடைக்கடன் எல்லாம் அதற்குள். இப்படிப்பட்ட வருமானத்தில் ஒரு பிள்ளையைப் படிப்பு முடியும்வரை கண்டியில் வைத்துப் பார்ப்பது எப்படி?

மூன்றாவது வேலி ஆங்கிலம். அந்தப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இல்லாமல் வருடம் வருடமாக ஓட்டிவிட்டு, வாசலில் நின்று "ஆங்கிலம் தெரியுமா?" என்று கேட்பது நியாயமா?

நிர்வாகம் கேட்கும்: "எல்லோரும் படிக்கப் போனால் கொழுந்து யார் பறிப்பது?" நியாயமான சம்பளம் கொடுத்தால் பறிக்க ஆள் வரும். படிக்காத பிள்ளையும் இன்று மலையில் நிற்பதில்லை. கொழும்புக் கடையில்தான் நிற்கிறது.

நம்மவர் சிலர் கேட்பார்கள்: "சங்கத்தின் வேலை சம்பளப் பேச்சுதானே?" ஆம், சம்பளத்துக்காகவேதான் கேட்கிறோம். கொழுந்து நிறுக்கும் தராசு டிஜிட்டல் ஆகிவிட்டது. செக்ரோல் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அரைப்பேரா முழுப்பேரா, எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதை அந்தக் கணினிதான் சொல்லப்போகிறது. அதைத் திறந்து கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் நம் பக்கத்தில் ஒருவராவது வேண்டாமா?

இன்னும் சிலர், "நம்ம பிள்ளைக்கு அதெல்லாம் ஏறாது" என்பார்கள். இது நாம் பெற்றெடுத்த சொல் அல்ல. நம் தலையில் ஏற்றிய சொல். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். நம் பிள்ளைகள் முப்பது வருடம் பின்னுக்குப் போனது மூளைக் குறையாலா? கணினிக் காலத்திலும் இன்னொரு முப்பது வருடம் காத்திருக்கச் சொன்னால் அதை ஏற்க முடியாது.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. நகைகளை அடகு வைத்துத் தனியார் வகுப்பில் சேர்க்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த இடமா? தேசியத் தொழிற்தகைமையில் எத்தனையாவது மட்டம்? ஒன்று முதல் நான்கு வரை சான்றிதழ்; ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழு பட்டம். பதில் சொல்லத் தயங்கினால் காசை மடியிலேயே முடிந்துகொண்டு திரும்பி வாருங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. கம்பனிகள் மேடைச் செலவை நிறுத்தி, டிப்ளோமாவுக்குத் தெரிவாகும் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்பு முடியும்வரை மாத உதவிப்பணம் தர வேண்டும்.

2. கண்டியில் படிக்கும் தோட்டப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பாதுகாப்பான விடுதியை அரசு அமைக்க வேண்டும்.

3. தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில, கணித ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். அதுவரை உயர்தரம் எழுதியவர்களுக்கு ஆறு மாத ஆங்கில வகுப்பு நடத்த வேண்டும்.

4. நமது சங்கமும் சந்தா வாங்குவதோடு நிற்கக்கூடாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெயரைப் பதிந்து, விண்ணப்ப காலத்தில் தமிழில் அறிவித்து, படிவம் நிரப்ப உதவ வேண்டும்.

நான்காவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே பெயர்ப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள். மற்ற மூன்றையும் கேட்கப் போகும்போது அந்தப் பட்டியல் நம் கையில் இருக்கட்டும்.