பழைய ரயில் சடக்கைச் சைக்கிளுக்குக் கொடுங்க



ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவைப் பற்றிக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீங்க. "மறுபடியும் புக்கிட் பெராப்பிட் பக்கம் எப்போ போறீங்க? எங்க பையனையும் சேர்த்துக்குவீங்களா?" என்று. எங்கள் பதில், அந்த வழிக்கு இப்போதைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீங்க. ஏன் அப்படிச் சொல்றோம், அதற்கு என்ன செய்யலாம்னு நினைக்கிறோம் என்பதைத்தான் இங்கே எழுதுறோம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

தைப்பிங்கிலிருந்து கோலகங்சாருக்கு ரோட்டில் போக இரண்டு வழி. ஒன்று நெடுஞ்சாலை. அதில் சைக்கிள் ஓட்ட அனுமதி கிடையாது. இன்னொன்று மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் பழைய ரோடு. சைக்கிளுக்கு மிச்சம் இருப்பது அது மட்டும்தான். ஏற்றத்தில் நாம மூச்சு வாங்க மிதிக்கும்போது பின்னால் லோரி வரும். ஓரத்தில் ஒதுங்க இடம் இருக்காது. வளைவு என்பதால் லோரிக்காரருக்கும் நம்மைக் கடைசி நேரத்தில்தான் தெரியும். போன வருஷம் எங்க குழுத் தம்பி ஒருத்தரை இப்படித்தான் ஒரு லோரி உரசித் தள்ளிவிட்டது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. முருகன் புண்ணியத்தில் அதோடு போச்சு.

இதைக் கேள்விப்பட்டவங்க எல்லாம் ஒரே யோசனைதான் சொன்னாங்க. பளபளன்னு தெரியற சட்டை போடுங்க, பின்னாடி லைட் மாட்டுங்க, ஹெல்மெட் போடுங்க. எல்லாம் சரிதான், நாங்களும் செய்றோம். ஆனால் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கிற எங்களுக்குத் தெரிந்த பாடம் வேற. ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடத்தில் ஆளை நடக்க விட்டுவிட்டு, தலைக்குத் தொப்பி மட்டும் கொடுத்தால் அது பாதுகாப்பு ஆகாது. முதலில் மஞ்சள் கோடு போட்டு, தடுப்பு வைத்து, வண்டி போகும் பாதை வேறு, ஆள் நடக்கும் பாதை வேறு என்று பிரிக்கணும். தொப்பியும் சப்பாத்தும் அதற்கு அப்புறம்தான். ரோட்டுக்கும் இதே கணக்குதான். லோரியும் பத்து வயசுப் பிள்ளையும் ஒரே மலைவளைவில் போகக்கூடாது.

"மலையில் போய்த் தனிப் பாதை வெட்ட யாரிடம் காசு இருக்கு?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாதையை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே வெட்டி முடிச்சிட்டாங்க. அதுதான் பழைய ரயில் சடக்கு.

ரயிலுக்கு ஒரு குணம் உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கும். அதனால் மலை வந்தால் ரயில்காரங்க வெட்டுவாங்க, மண் கொட்டி மேடு கட்டுவாங்க, பாலம் போடுவாங்க, சுரங்கம் குடைவாங்க. ஏற்றம் சின்னதா, நீளமா இருக்கும். பத்துமலையில் 272 படி. நம்ம பாட்டிமார்கள் எப்படி ஏறுறாங்க? ஒவ்வொரு படியும் சின்னது, அவ்வளவுதான். ரயில் தடமும் அப்படித்தான். கியர் வண்டி இல்லாதவங்க, முட்டி வலிக்காரங்க, சின்னப் பிள்ளைகள் எல்லாரும் மலையைக் கடக்கலாம்.

இது எங்க சொந்தக் கற்பனை இல்லீங்க. நியூசிலாந்தின் தென் தீவில் ஒட்டாகோ என்ற மலைநாட்டில் 1990இல் ஒரு ரயில் பாதையை மூடினாங்க. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, பாலத்தையும் சுரங்கத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, 2000இல் அதைச் சைக்கிள் பாதையாகத் திறந்தாங்க. கிளைட் ஊரிலிருந்து மிடில்மார்ச் ஊர் வரை 152 கிலோமீட்டர். காடி, லோரி எதுவும் வராது. நூறு அடி போனால் இரண்டு அடிக்கு மேல் ஏற்றம் இல்லை. ரயில் நின்றதும் களையிழந்த சின்னச் சின்ன ஊர்களில் இன்றைக்குத் தங்கும் விடுதி, காப்பிக் கடை, சைக்கிள் வாடகைக் கடை எல்லாம் நடக்குது.

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இன்னொரு பாடம் இருக்கு. அங்கே 1968இல் மூடிய ரயில் பாதை ஒன்று மான்சல் டிரெயில் என்ற பெயரில் நடைபாதை ஆச்சு. ஆனால் சுரங்கங்களை மட்டும் ஆபத்து என்று பூட்டியே வைத்திருந்தாங்க. சுரங்கம் வந்த இடத்திலெல்லாம் தடத்தை விட்டு இறங்கி, மேடு பள்ளம் ஏறிச் சுற்றிப் போகணும். சைக்கிளுக்கு அது பாதையே இல்லை. 2011 மே மாதம்தான் சுரங்கங்களைச் சரிசெய்து, விளக்குப் போட்டுத் திறந்தாங்க. ஏறக்குறைய 14 கிலோமீட்டரும் அன்றிலிருந்துதான் ஒரே பாதை. இதில் நாம புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. தடம் முழுசா இருந்தால்தான் பயன். நடுவில் ஒரு பாலம், ஒரு சுரங்கம் போனாலும் மறுபடியும் பிள்ளையை லோரிக்கு நடுவில் தள்ளியதுதான்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். பாடாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் இரட்டைத் தண்டவாளம் போட்டபோது, புக்கிட் பெராப்பிட் மலைக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் புதிய சுரங்கம் குடைந்தாங்க. இப்போ ரயில் அதில்தான் போகுது. பழைய ஒற்றைத் தடமும் அதன் சின்னச் சுரங்கங்களும் காட்டுக்குள் கிடக்கு. அந்தப் பக்கம் கோலகங்சாருக்குப் பக்கத்தில், காராயில், பேராக் ஆற்றின் மேல் விக்டோரியா பாலம் இருக்கு. 1900இல் திறந்த இரும்புப் பாலம். 2002இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தது. பழையதை உடைக்காமல் விட்டதால் இன்றைக்கும் கம்பத்து ஜனங்க அதில் நடந்தும் மோட்டாரிலும் போறாங்க, படம் எடுக்க வெளியூர்க்காரங்க வர்றாங்க. ஒரு பாலத்தை விட்டு வைத்ததற்கே இவ்வளவு பலன்.

இதற்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெரியவர் கேட்டார். சம்பந்தம் இருக்குங்க ஐயா. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தத் தடத்தை அமைக்க இலங்கையிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தாங்க. அதற்குப் பிறகு இந்த நாட்டின் தண்டவாளத்தில் மண் வெட்டியதும், கட்டை அடுக்கியதும், ஜல்லி கொட்டியதும் பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான். ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த இடத்திலெல்லாம் ஒரு முனீஸ்வரரோ மாரியம்மனோ இருப்பது எப்படி? வேலை செய்த இடத்தில் சாமியை வைத்துக் கும்பிட்டவங்க அவங்க. சிங்கப்பூரில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலும் ரயில்வே தொழிலாளர் வைத்ததாகத்தான் தொடங்கியது.

அந்த முதல் தடம் இன்றைக்கு எங்கே? கோல சபெத்தாங்கில், அதுதான் பழைய போர்ட் வெல்ட், ஒரு பெயர்ப்பலகையும் டிக்கெட் கவுன்டரும் மிச்சம். பலகையில் தமிழிலும் ஊர்ப் பெயர் இருக்கு. பார்க்கப் பெருமையாகவும் இருக்கும், வயிறும் எரியும். பலகையை வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்ட முடியாது.

சிங்கப்பூர்க்காரங்க வேறு மாதிரி செய்தாங்க. 2011 ஜூலையில் மலாயா ரயில் நிலம் அவங்க கைக்குப் போனதும், துண்டு போட்டு விற்காமல் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கம் வரை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாக வைக்க முடிவு செய்தாங்க. அடுக்குமாடிக்கு ஒரு அடி நிலம் கிடைக்காத ஊர் அது. அங்கேயே முடிந்தது, பேராக்கில் முடியாதா?

எதிர்ப்பு வரும், தெரியும். வெயில் என்பாங்க. காட்டு மர நிழல் பாதை தார் ரோட்டை விடக் குளிர்ச்சிதான். மாட் ரெம்பிட் பசங்க மோட்டாரை விடுவாங்க என்பாங்க. உண்மைதான், அதற்குக் கம்பித் தடுப்பும் ரோந்தும் வேணும். சுரங்கத்தில் கல் விழும், வௌவால், பாம்பு என்பாங்க. அதுவும் உண்மைதான். அதனால்தான் இப்பவே டார்ச் லைட் எடுத்துக்கொண்டு யாரும் உள்ளே போகாதீங்க என்று கெஞ்சிக் கேட்கிறோம். பொறியாளர் பார்த்து, சரிசெய்து, விளக்குப் போட்ட பிறகு போகலாம். இது பணக்காரங்க பொழுதுபோக்கு என்று சொல்றதை மட்டும் நாங்க ஒத்துக்கமாட்டோம். பத்தாயிரம் வெள்ளி சைக்கிள்காரர் எந்த மலையிலும் ஏறிடுவார். ஏற்றம் குறைந்த, லோரி இல்லாத பாதை வேண்டியது பழைய சைக்கிள் வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும், சர்க்கரைக்கு மாத்திரை போடும் நமக்கும்தான்.

எல்லாத்தையும் ஒரே நாளில் கேட்கவில்லை. முதலில் தடத்தின் நிலத்தை விற்காமல், குத்தகைக்கு விடாமல், துண்டாக்காமல் வைக்கட்டும். ரயில் நிலம் ரயில்வே சொத்துக் கழகத்தின் கையில் இருக்கு. கேட்க வேண்டியது அவங்களையும், நம்ம நகராண்மைக் கழகத்தையும், சட்டமன்ற உறுப்பினரையும்தான். அடுத்து, காராய் பாலத்தின் இரு பக்கமும் நல்ல சடக்கு போட்டுக் காட்டட்டும். பலன் தெரிந்தால் மலைக்குப் பணம் தானா வரும்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அன்னதானக் கூடத்தில் கடிதத்தோடு மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். மலாய் மொழியில் ஒரு பக்கம்தான், படித்துப் பார்த்துச் சம்மதம் இருந்தால் கையெழுத்துப் போடுங்க. ரயில்வேயில் வேலை செய்த அப்பா, தாத்தா யாராவது இருந்தால், எந்த இடத்தில் எந்த வருஷம் என்று அதிலேயே ஒரு வரி எழுதுங்க. அக்கம்பக்கத்து மலாய், சீன நண்பர்களையும் கூட்டிட்டு வாங்க, சைக்கிள் அவங்க பிள்ளைகளும்தான் ஓட்டுறாங்க.

அதுவரைக்கும் ஞாயிறு காலை நம்ம சவாரி தைப்பிங் ஏரித் தோட்டத்தைச் சுற்றித்தான். ஆறரைக்குக் கோயில் வாசலில் இருங்க. ஹெல்மெட் மறக்காதீங்க.