படித்ததும் பகிர்ந்ததும்: இப்ப என்ன வாசிக்கிறியள்?

எங்கள் சனத்தில் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்துக்கொண்டால் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். ஊரில் எவடம்? வந்து எவ்வளவு காலம்? கேஸ் என்ன மாதிரி? பஸ் தரிப்பிடமானாலும் சரி, கலியாண வீடானாலும் சரி, பேச்சு இந்த மூன்றோடுதான் தொடங்கும். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர்கள் எமது வாசகர்களில் பலர். ஆகவே நாலாவதாக ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளும்படி இம்முறை கேட்கிறோம்: 'இப்ப என்ன வாசிக்கிறியள்?'

விடிய நாலு மணிக்கு எழும்பித் துப்பரவு வேலைக்குப் போய், இடையில் மொழி வகுப்புக்கும் ஓடி, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவுகிற மனிதரிடம் புத்தகத்தைப் பற்றிக் கேட்பது நியாயமா என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான் என்பது எமது எண்ணம். வந்த நாட்டில் எங்களிடம் கேட்கப்படுவதெல்லாம் பத்திரம், திகதி, இலக்கம், கையெழுத்து. உமக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்கும் ஒருவர் கிடைத்தால், அந்த ஊரில் எமக்கு ஒரு சிநேகிதர் கிடைத்துவிட்டார் என்றுதான் பொருள்.

இது எங்களுக்குப் புதிய பழக்கமுமில்லை. ஊரில் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஒரு 'ஈழநாடு' பத்திரிகையை நாலு பேர் நாலு தாளாகப் பிரித்து வாசிப்பார்கள். முடித்தவர் மற்றவருக்குச் சுருக்கம் சொல்லுவார். கண் தெரியாத கிழவருக்கு ஒரு பெடியன் உரத்து வாசிப்பான். வாசிப்பு என்பது தனியே அறைக்குள் இருந்து செய்யும் காரியமாக எங்களுக்கு இருக்கவில்லை.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிந்தது. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் போயின. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனம் பிள்ளைகளையும் உடுப்புப் பையையும் தூக்கியது. புத்தகம் தூக்க மேலதிகமாக ஒரு கை இருக்கவில்லை. ஒரே இடத்தில் இருக்கும் நூல்கள் ஒரே நெருப்பில் போய்விடும். பத்து வீடுகளில் பிரிந்திருந்தால் ஒன்றாவது மிஞ்சும். கை மாற்றி வாசிப்பதில் நாம் காட்டும் அக்கறைக்கு இதுவும் ஒரு காரணம்.

எமக்கு முந்தி வந்தவர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் ஜேர்மனியில் 'தூண்டில்', நோர்வேயில் 'சுவடுகள்', சுவிஸில் 'மனிதம்', கனடாவில் 'காலம்' என்று சஞ்சிகைகள் வெளிவந்தன. வேலை முடிந்து வந்து இரவிரவாக எழுதி, சொந்தக் காசில் அச்சிட்டுத் தபாலில் அனுப்பிய காலம் அது. 1988இல் ஜேர்மனியில் 'இலக்கியச் சந்திப்பு' தொடங்கியது. புத்தகங்களைப் பற்றிக் கதைப்பதற்கென்றே வேறு வேறு நாடுகளிலிருந்து ரயிலேறி வந்து, ஒருவர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் எங்களைப் போல வதிவிட அனுமதிக்குக் காத்திருந்தவர்கள்தான்.

இனி, ஒருவருக்குப் புத்தகம் சொல்லுவது எப்படி என்ற விடயத்துக்கு வருவோம். 'நல்ல புத்தகம், கட்டாயம் வாசியுங்கோ' என்று சொல்லுவதால் பயனில்லை. அப்படிச் சொல்லப்பட்ட புத்தகங்கள் எத்தனையோ வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே கிடக்கின்றன. மூன்று விடயங்களைச் சேர்த்துச் சொல்லவேண்டும். எத்தனை பக்கம், எந்த ஊர்க் கதை, எந்த இடத்தில் மனம் நோகும். இந்த மூன்றாவதை எங்கள் சனத்துக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். செல்லடியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போர் நாவல் ஒன்றை எச்சரிக்கையின்றி நீட்டுவது சிநேகிதமாகாது. 'அக்கா, இதிலே பங்கர் வருது, சாவு வருது. இப்ப வேண்டாமெண்டால் பிறகு பாப்பம்' என்று முதலே சொல்லிவிடுங்கள். அவர் இப்போதே வேண்டுமென்றால் கொடுங்கள். வேண்டாமென்றால் ஏனென்று கேட்கவேண்டாம்.

எமது வட்டத்தில் கை மாறிக்கொண்டிருக்கும் சில நூல்களை இந்த ஒழுங்கிலேயே சொல்லுகிறோம்.

ஊர் நினைவில் நித்திரை வராதவர்களுக்கு எஸ்.பொன்னுத்துரையின் 'நனவிடை தோய்தல்' (1992). பழைய யாழ்ப்பாணத்து வாழ்க்கையை ஊர்ப் பேச்சின் ருசியோடு சொல்லும் நூல். வயதான தகப்பனாருக்கு ஒருவர் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்ட ஏற்றது. ஒரு பக்கம் வாசித்தால் அவர் இரண்டு பக்கத்துக்குத் தன் கதையைச் சொல்லுவார். இதனோடு செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. பருவகாலத்தில் நெடுந்தீவுக்குத் தொழிலுக்கு வரும் மீனவர்களின் கதை. 1978இல் படமாகவும் வந்தது. படம் பார்த்த மாமிமார் புத்தகத்தையும் விரும்பி வாங்கிப் போகிறார்கள்.

வந்த வழியை நினைத்துப் பார்க்கத் துணிந்தவர்களுக்கு மூன்று நாவல்கள். அ.முத்துலிங்கத்தின் 'கடவுள் தொடங்கிய இடம்' முகவர் கையில் அகப்பட்டு நாடு நாடாக அலையும் ஓர் இளைஞனின் பயணம். சிரிப்பும் உண்டு. ஆகவே முதலில் இதைக் கொடுக்கலாம். சயந்தனின் 'ஆறாவடு' (2012) இத்தாலிக்குப் புறப்படும் ஒரு படகோடு சம்பந்தப்பட்டது. கடல் வழியாக வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கமுன் ஒருமுறை யோசியுங்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பிரான்சில் அகதி அந்தஸ்துக் கோரும் ஒருவரின் விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. எங்கள் வாழ்க்கையைக் கேள்விக்குப் பதிலாக மட்டும் சொல்லிப் பழகிய எமக்கு, அந்தப் படிவத்தில் அடங்காமல் மிஞ்சியது எவ்வளவு என்பதை அந்த நாவல் காட்டுகிறது. கடுமையான நூல். இளம் பிள்ளைகளுக்கு உகந்ததன்று.

நேரமில்லை என்பவர்களுக்குச் சிறுகதையும் கவிதையும். 1994இல் வந்த 'பனியும் பனையும்' தொகுப்பில் அவுஸ்திரேலியா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று சிதறிய எங்கள் எழுத்தாளர்களின் கதைகள் இருக்கின்றன. வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு கதை, வரும்போது ஒரு கதை என்று முடிக்கலாம். 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியான 'சொல்லாத சேதிகள்' ஈழத்துப் பெண்களின் கவிதைத் தொகுப்பு. மெல்லிய புத்தகம். எமது வட்டத்துப் பெண்களிடம் ஆகக் கூடுதலாகச் சுற்றியது இதுதான். திரும்பி வரும்போதெல்லாம் ஓரங்களில் பென்சில் கோடுகள் கூடியிருக்கும். அவற்றை அழிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம்.

நீண்ட பனிக்காலத்துக்கு ஒரே கதை வேண்டுமென்பவர்களுக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இருக்கவே இருக்கிறது. ஐந்து பாகங்கள். ஒரு பாகத்தை முடித்தவர் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பாகத்துக்குக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே இரண்டு குடும்பங்கள் நெருங்கிவிடுகின்றன. ரமணிசந்திரன் மட்டுமே வாசிப்பேன் என்பவரையும் தயவுசெய்து குறைத்துப் பேசவேண்டாம். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலை செய்த பெண்ணொருவர் கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடியும் கதையைத் தேடுவதில் என்ன பிழை? அவர் தமிழ் எழுத்தை விடாமல் வைத்திருக்கிறார். அது பெரிய காரியம்.

பிள்ளைகளின் விடயம் வேறு. அவர்கள் பள்ளிக்கூட மொழியை ஆறு மாதத்தில் பிடித்துவிடுகிறார்கள். தமிழ் அதே வேகத்தில் பின்னுக்குப் போகிறது. அடித்தும் ஏசியும் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் திணிப்பதால் வெறுப்புத்தான் வளரும். நாம் கண்ட நல்ல வழி ஒன்றுண்டு. ஒரே புத்தகத்தைப் பிள்ளை தன் பள்ளிக்கூட மொழியிலும் தாய் தகப்பன் தமிழிலும் வாசிப்பது. அந்துவான் து செந்த் எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' இதற்குப் பொருத்தமானது. ஐரோப்பிய மொழிகள் எல்லாவற்றிலும் கிடைக்கும். தமிழில் வெ.ஸ்ரீராமும் ச.மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராக மொழிபெயர்க்க, 1981இல் க்ரியா வெளியிட்டது. ஆசிரியர் தன் நாடு பகைவர் கையில் இருந்த காலத்தில் அமெரிக்காவில் இருந்து எழுதிய புத்தகம் அது. 1943இல் வெளிவந்தது. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் 'அவரும் எங்களைப் போலவா?' என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது, ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. முதல் பள்ளிக்கூடத்தில் குழப்படி என்று விலக்கப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருந்த பள்ளிக்கூடமொன்றில் சேருகிறாள். அங்கே தலைமையாசிரியர் மணிக்கணக்காக அவள் கதைப்பதைக் கேட்கிறார். முடிவில் அந்தப் பள்ளிக்கூடம் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. உண்மைக் கதை. புதுப் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள்.

புத்தகம் எங்கே எடுப்பது என்பது அடுத்த கேள்வி. வாங்கக் காசு வேண்டும். தபாற் செலவு சிலவேளை புத்தக விலையையும் விடக் கூடும். முதலில் உங்கள் ஊர்ப் பொது நூலகத்துக்குப் போங்கள். அட்டைக்கு என்ன பத்திரம் வேண்டுமென்று கேளுங்கள். விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ரொறன்ரோ பொது நூலகத்தின் பல கிளைகளில் தமிழ் நூல்கள் உள்ளன. நோர்வேயில் தேசிய நூலகத்தின் கீழுள்ள பன்மொழி நூலகம் ஊர் நூலகங்களுக்கு வேற்றுமொழி நூல்களை அனுப்புகிறது. அலுமாரியில் தமிழ் இல்லையென்று திரும்பி வந்துவிடவேண்டாம். வேறிடத்திலிருந்து எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்பவர் எண்ணிக்கை கூடினால்தான் வாங்குவார்கள்.

செலவில்லாத வழிகளும் உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மேலே சொன்ன புலம்பெயர் சஞ்சிகைகளின் பழைய இதழ்களையும் அங்கே தேடிப் பார்க்கலாம். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் முதல் கல்கி வரை இருக்கின்றன. கைத்தொலைபேசியிலேயே வாசிக்கலாம். முகாமில் முடிவுக்குக் காத்திருந்து பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கு இதை யாராவது சொல்லிக்கொடுங்கள்.

இவற்றுக்கு மேலாக, ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வட்டம் அமைக்கலாம். ஒரு கார்ட்போட் பெட்டி, ஒரு கொப்பி போதும். வீட்டுக்கு மூன்று புத்தகம் போட்டால் பதினைந்து. கொப்பியில் எடுத்தவர் பெயரும் திகதியும் எழுதவேண்டும். பெட்டி மாதமொருமுறை அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். அன்று தேத்தண்ணியோடு ஒரு மணித்தியாலம் இருந்து வாசித்ததைப் பற்றிக் கதைக்கலாம். வாசித்து முடிக்காதவரும் வரலாம் என்பதை முதலே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வெட்கத்தில் வராமல் விட்டுவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒருவர் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து அவர் எந்தப் பக்கம் என்று அளந்த காலமொன்று எங்களிடையே இருந்தது. சஞ்சிகையைக் கடதாசியில் சுற்றி மறைத்துக் கொண்டுபோனவர்களும் உண்டு. அந்தப் பயத்தின் மிச்சம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஒரு நூலை வாசிப்பவர் அதில் உள்ள எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டவராகிவிடமாட்டார். உடன்படாத நூலையும் வாசித்து, ஏன் உடன்படவில்லை என்று சொல்லி, அதன்பிறகும் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கக்கூடிய ஒரு வட்டம் அமைந்தால், அது நாங்கள் வாசிக்கும் எந்தப் புத்தகத்தையும் விடப் பெறுமதியானது.

அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களிடமே தருகிறோம். இப்போது வாசிக்கும் புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், யாருக்குக் கொடுக்க விரும்புகிறீர்கள், ஏன் என்பதை நாலைந்து வரியில் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், அதை நாம் பார்த்துக்கொள்ளுவோம். பிள்ளைகள் எழுதினால் முதலிடம் அவர்களுக்கே.