மழை பெய்யும் பாலை

“போதும்டா சாமி. திண்டிவனத்தைத் தாண்டி அரை ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கேன். ரெண்டு மாடு, நாலு மாமரம், ஒரு திண்ணை. போய் உட்கார்ந்துடப் போறேன்.”

சென்னையில் கல்யாணப் பந்திகளிலும் நடைப்பயிற்சிப் பூங்காக்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முன்பெல்லாம் ஓய்வுபெற்றவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். கரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துப் பழகிய முப்பத்தைந்து வயதுக்காரர்களும் இப்போது பேசுகிறார்கள். ஜிஎஸ்டி சாலையில் அச்சிறுப்பாக்கத்தைத் தாண்டியதும் இருபுறமும் கம்பி வேலிகள், ‘பண்ணை மனை விற்பனைக்கு’ என்ற பலகைகள். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 125 கி.மீ., விழுப்புரம் சுமார் 160 கி.மீ. சனிக்கிழமை காலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் மனை பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

ஆசையில் தப்பில்லை. நிதானம் அந்த ஊரில் ஏற்கெனவே விளைந்து கிடக்கிறது, போய் அள்ளிக்கொள்ள வேண்டியதுதான் என்கிற நினைப்பில்தான் கோளாறு.

விழுப்புரம், ஐந்து ரயில் பாதைகள் கூடுகிற சந்திப்பு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று எல்லாத் திசைக்கும் ஆட்களை மாற்றி அனுப்புவதே அந்த ஊரின் தொழில். திண்டிவனத்தில் சாலைகள் அதே வேலையைச் செய்கின்றன. புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகரில் சுமார் 96 ஆயிரம் பேர், திண்டிவனத்தில் சுமார் 73 ஆயிரம் பேர். இவர்களுடைய பிள்ளைகளில் படித்தவர்கள் சிறுசேரிக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். படிக்க முடியாதவர்கள் கட்டிட வேலைக்குப் போகிறார்கள். பொங்கல் விடுமுறை முடிகிற இரவில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் சென்னையை நோக்கி வரிசைகட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாவட்டம் எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் இருக்கிற ஊரைத் தேடி உள்ளூர்க்காரர் வடக்கே போகிறார். சம்பளத்தைச் சேர்த்து முடித்தவர் தெற்கே வருகிறார்.

இந்த வட்டாரத்தின் பழைய பெயர் வேறு ஆசை காட்டும். ‘சிறுபாணாற்றுப்படை’யின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு இதுதான். அவனுடைய ஊர்களில் ஒன்றான கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓய்மா நாடு என்றதும் ‘ஓய்வு’ நினைவுக்கு வந்தால் அது நம் கற்பனை. ஓவியர் என்கிற குடியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. அந்தப் பாட்டில் வருகிற பாணனும் ஓய்வு தேடி நடந்தவன் அல்ல. உப்பில்லாத கீரையை அவித்துத் தின்கிற வீட்டிலிருந்து, சோறு தேடி நடந்தவன்.

அப்படியானால், வேறொரு வாழ்க்கையைத் தேடி இந்த மாவட்டத்துக்கு வந்து, தங்கி, தாக்குப்பிடித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஆரோவில்லைப் புதுச்சேரியோடு சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். அதன் நிலத்தில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று அதன் தொடக்க விழா நடந்தது. ‘அன்னை’ மிர்ரா அல்ஃபாஸாவின் கனவு நகரத்துக்காக 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டார்கள். பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் ரோஜே ஆன்ஷே, 50 ஆயிரம் பேர் வாழ்வதற்கான நகரத்தை விண்மீன் மண்டலத்தின் சுழல் வடிவில் வரைந்து கொடுத்தார். விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பிறகு அங்கே மிஞ்சியது ஓர் ஆலமரம், ஆங்காங்கே பனைகள், கண்ணுக்கு எட்டியவரை வெடித்துப் பிளந்த செம்மண் மேடு. முதலில் குடியேறியவர்கள் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு தண்ணீருக்கு மாட்டுவண்டியை எதிர்பார்த்திருந்தார்கள். அதைப் பாலைவனம் என்றே அவர்கள் எழுதியும் பேசியும் வந்தார்கள்.

விசித்திரம் என்னவென்றால், அந்தப் பாலைவனத்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை. ஜெய்சால்மரில் ஆண்டுக்கு 20 செ.மீ. பெய்தால் பெரிது. இங்கே 100 செ.மீ.க்கு மேல் பெய்கிறது. ஆனால், ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிற மழை அது. கட்டடத்துக்கும் அடுப்புக்கும் மரங்கள் போயிருந்தன. எஞ்சிய தளிரை ஆடுகள் பார்த்துக்கொண்டன. மறைப்பே இல்லாத மேட்டில் விழுந்த தண்ணீர் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கும் அதிகமான பள்ளங்களை அறுத்துக்கொண்டு, சில கிலோமீட்டரில் இருக்கும் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து திணைகளில் பாலைக்கு மட்டும் தனி நிலம் இல்லை; முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது இளங்கோவடிகளின் விளக்கம். அதற்கு வானூர் மேட்டைவிடப் பொருத்தமான உரை கிடைக்காது. கெட்டுப்போன நிலம் என்றால், சீராக்கவும் முடியும் என்றாகிறது.

இந்த வறட்சிக்கு உள்ளூரில் வேறு காரணம் சொல்வார்கள். பக்கத்து இரும்பையில், சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த கணிகையின் காலிலிருந்து கழன்ற சிலம்பை எடுத்துக் கட்டிவிட்ட கடுவெளிச் சித்தரைக் கூட்டம் கேலி செய்ததாம். அவர் சினந்து பாட, லிங்கம் பிளந்ததாம், ஊரும் வறண்டதாம். தூர தேசத்து மனிதர்கள் வந்து இந்த மண்ணை மறுபடி பசுமையாக்குவார்கள் என்று பிறகு மனமிரங்கிச் சொன்னார் என்று கதை முடிகிறது. அந்தக் கடைசி வரி 1968-க்குப் பிறகு சேர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். என்றாலும், சாபத்துக்குப் பரிகாரமாக யாகம் கேட்காமல் ஆட்களைக் கேட்ட சித்தர் கெட்டிக்காரர்தான்.

வந்தவர்கள் தொடக்கத்தில் நட்ட மரங்களில் பல செத்தன. பிழைத்ததை ஆடு தின்றது. மரத்துக்கு முன்னால் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்பது அடிபட்டுத்தான் புரிந்தது. அதன் பிறகு நடந்தது முழுக்க மண்வேலை. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, பள்ளத்துக்குக் குறுக்கே தடுப்பணை, தாழ்ந்த இடத்தில் குளம். நிழலுக்காக வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை முதலில் வைத்தார்கள். அந்த நிழலில் காசா, வீரை, கருங்காலி போன்ற இந்தக் கரையின் சொந்த மரங்களை நட்டார்கள். அவற்றின் விதைகள் எங்கே மிச்சமிருந்தன? அய்யனார் கோயில் காடுகளில். ஊர்க்காரர்கள் சாமிக்குப் பயந்து கிளை ஒடிக்காமல் விட்டுவைத்திருந்த துண்டுக் காடுகள்தான் பாலைக்கு விதை கொடுத்தன. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்தபோது அந்நிய வேல மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. கீழே வளர்ந்திருந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன.

நிதானமான வாழ்க்கையைத் தேடி வந்தவர்கள், வந்த பிறகு பத்து இருபது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்த கதை இது. அவர்கள் மட்டும் பிடிக்கவில்லை. குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம் மக்கள் தினக்கூலிக்குப் பிடித்த மண்வெட்டிகள் எத்தனையோ. வெளியே சொல்லப்படும் ஆரோவில் கதையில் அந்தக் கைகள் படத்தின் ஓரத்தில்தான் நிற்கின்றன.

ஆரோவில்லை இலட்சிய ஊராக நான் முன்வைக்கவில்லை. 50 ஆயிரம் பேருக்கான நகரத்தில் இன்று சில ஆயிரம் பேரே இருக்கிறார்கள். நிர்வாகச் சண்டை முற்றி, 1988-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில், வரைபடத்தில் உள்ள வட்டச் சாலைக்காக, அவர்களே வளர்த்த மரங்கள் மீது மண்வாரி இயந்திரம் இறங்கியது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும்வரை பணி கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல் உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. காட்டுக்கு வந்தோமா, நகரத்துக்கு வந்தோமா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் தீரவில்லை. குயிலாப்பாளையத்தில் மனை விலை, அந்த ஊரில் பிறந்தவர்களில் பலரால் வாங்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. அதே வட்டத்துத் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. எந்தக் கணினியிடமிருந்து சென்னைக்காரர்கள் தப்பி ஓடிவருகிறார்களோ, அது அவர்களுக்கு முன்பே வந்து காத்திருக்கிறது.

இவ்வளவு குறைகளுக்கு நடுவிலும் ஒரு கணக்கில் ஆரோவில்காரர்கள் தேறுகிறார்கள். அவர்கள் வந்த பிறகு அந்த மேட்டில் தண்ணீர் நிற்கிறது.

இன்றைய பண்ணை மனையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால்? வாங்கியவர் முதலில் போடுவது வேலி, அடுத்தது ஆழ்துளைக் கிணறு. மாதம் இரண்டு நாள் வருகிறவருக்காக மாதம் முழுவதும் புல்தரை தண்ணீர் குடிக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளத் தகரக் கொட்டகையில் ஒரு கணவன், மனைவி. பல இடங்களில், விற்றவர் வகையறாவாகவே இருப்பார்கள். விற்ற கொல்லையில் முன்பு மல்லாட்டை விளைந்தது. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. நாடெங்கும் விதைக்கப்பட்ட டிஎம்வி ரகங்களின் பெயரிலுள்ள மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. மல்லாட்டைக் கொல்லைக்கு வரப்பு உண்டு, வேலி கிடையாது. அறுவடைக்குப் பிறகு ஆடு மேயும், மழைத் தண்ணீர் தன் வழியே ஏரிக்குப் போகும். மனை போடும்போது முதலில் மேடாக்கப்படுவது அந்த வழிதான். வரைபடத்தில் அது வெறும் கோடு. பத்திரத்தில் அதுவும் கிடையாது.

வயதானவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். அந்த நேரத்தில் வண்டி ஓட்ட ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மறுநாள் காலை கணக்கெடுத்தபோது மயிலத்தில் ஒரே நாளில் பதிவான மழை 51 செ.மீ. அடுத்த நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ஓட, ரயில்கள் நின்றன. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணைக் கரையில் ஊர்களுக்குள் புகுந்தது. பாலை என்று நாம் நினைக்கிற மாவட்டம் மூன்றே நாளில் நெய்தலாகிவிட்டதுபோல் இருந்தது. தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிவந்த இடங்களில் எது ஓடை, எது மனை என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஆகவே, திண்டிவனம் பக்கம் போய்விடலாம் என்று உண்மையிலேயே நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரகர் கூப்பிடுகிற சித்திரை, வைகாசியில் மனை பார்க்கப் போகாதீர்கள். ஐப்பசியில் பெருமழை பெய்த மறுநாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துபோய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த ஏரிக்குப் போகிறது, அந்த ஏரிக்கு என்ன பெயர் என்று அங்கே மாடு பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவரிடம் கேளுங்கள். அவர் கை நீட்டும் திசையில் உங்கள் மனை இருந்தால், வாங்காதீர்கள்.